மதராஸ் ரயில்வே

மதராஸ் ரயில்வே என்பது தென்னிந்தியாவில் முதன்முதலாகப் பயணிகள் தொடர்வண்டியை இயக்கிய நிறுவனம் ஆகும். இலண்டனில் தலைமையகம் கொண்டிருந்த இந்நிறுவனம் 1856ஆம் ஆண்டு சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை சுமார் 100 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு சிறு பாதையுடன் தன் சேவையைத் தொடங்கியது. பின்னர் பாலாற்றுப் பள்ளத்தாக்கின் வழியே மேற்கே வளர்ந்து அரபிக் கடற்கரையைத் தொட்டது. இதன் பாதை சென்ற குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களைக் கொண்ட வட்டாரம் பிற்காலத்தில் இந்தியாவின் முதன்மையான தோல் ஏற்றுமதிப் பகுதிகளுள் ஒன்றாயிற்று. 1908ஆம் ஆண்டு இந்நிறுவனம் அரசுடைமையாகி, தனி நிறுவனம் என்ற நிலையை இழந்தது.

பின்னணி

சென்னை மாகாணத்தில் இருப்புப்பாதை அமைக்கும் எண்ணம் 1830களிலேயே தோன்றிவிட்டது. 1837ஆம் ஆண்டளவில் செங்குன்றம் பகுதியிலிருந்து சென்னைக்குச் சாலை போடுவதற்கான கற்களைக் கொண்டுவர ஒரு சிறு இருப்புப்பாதை பயன்படுத்தப்பட்டது. பொறியாளர் ஆர்தர் காட்டன் இதனுடன் தொடர்புடையவர். முழுக்க முழுக்கச் சரக்குக்காகவே அமைந்த இப்பாதை நெடுங்காலம் நீடிக்கவில்லை.

மதராஸ் ரயில்வே என்ற பெயரில் 1845இல் இலண்டனில் தொடங்கப்பட்ட முதல் நிறுவனம் போதிய முதல் திரளாமையால் கலைந்தது. பின்னர் 1852இல் அதே பெயருடன் புதிய நிறுவனம் உருவாகிக் கிழக்கிந்தியக் கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. கட்டுமானப் பணி 1853இல் இராயபுரத்தில் தொடங்கியது. இந்தியா முழுவதற்குமான பெருவழிப் பாதைகளைப் பற்றித் தலைமை ஆளுநர் டல்ஹவுசி தம் புகழ்பெற்ற குறிப்பை எழுதியதும் இதே ஆண்டில்தான்.

உத்தரவாத முறை

இந்நிறுவனத்தின் வளர்ச்சியைப் புரிந்துகொள்ள உத்தரவாத முறையை அறிந்துகொள்ளுதல் வேண்டும். இருப்புப்பாதைக்குப் பணம் போட்ட பங்குதாரர்களுக்கு, முதலீட்டின்மீது ஆண்டுக்கு ஏறத்தாழ 5 விழுக்காடு வருவாய் கிடைக்கும் என்று அரசு உறுதியளித்தது. பாதையின் வருமானம் இதற்குக் குறைந்தால், குறையும் தொகையை அரசு இந்திய வரி வருவாயிலிருந்து ஈடுகட்டியது. பாதைக்கு வேண்டிய நிலத்தையும் அரசே இலவசமாக வழங்கியது. இவற்றுக்கு ஈடாக, குறிப்பிட்ட காலம் கழிந்தபின் நிறுவனத்தை விலைக்கு வாங்கும் உரிமையை அரசு தன்னிடம் வைத்துக்கொண்டது.

இம்முறையால் பாதை விரைவாக நீண்டது. சரக்கு சேரும்வரை காத்திராமல் நிறுவனம் அடுத்த பகுதியைக் கட்ட முடிந்தது. ஆனால் செலவைக் குறைக்க வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லாமற் போயிற்று. இழப்பின் சுமை, தொடர்வண்டியைக் கண்ணாற் காணாத உழவர்கள்மீதும் விழுந்தது. அதே பணத்தில் பாசனமும் படகுப் போக்குவரத்தும் தரும் கால்வாய்களை வெட்டலாம் என்று ஆர்தர் காட்டன் தொடர்ந்து வாதாடினார். அவர் வாதம் வெல்லவில்லை.

முதல் பாதை

இராயபுரம் நிலையத்தை ஆளுநர் ஹாரிஸ் பிரபு 1856 சூன் 28 அன்று திறந்துவைத்தார். 1856 சூலை 1 முதல் இராயபுரத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் இடையே பொதுமக்களுக்கான சேவை நடைபெற்றது. அக்காலத்தில் வாலாஜா ரோடு நிலையம் ஆர்க்காடு என்றும் வழங்கப்பட்டது.

தொடக்க விழாத் தொடர்வண்டி ஆம்பூர் வரை சென்றதாகச் சில நூல்கள் கூறுகின்றன. 1856இல் பாதை வாலாஜா ரோட்டுக்கு அப்பால் செல்லவில்லை. வாலாஜா ரோட்டுக்கு அருகில் அம்மூர் என்ற ஊர் இருப்பதால், பெயர் ஒற்றுமையால் இக்குழப்பம் ஏற்பட்டிருக்கலாம்.

நிறுவனம் 5 அடி 6 அங்குல அகலமுள்ள அகலப்பாதையைத் தேர்ந்துகொண்டது. வண்டிகளைச் செப்பனிட 1856இல் பெரம்பூரில் பணிமனை அமைக்கப்பட்டது.

பாலாற்றுப் பள்ளத்தாக்கில் விரிவு

நிறுவனத்தின் இலக்கு சென்னையை மேற்குக் கடற்கரையுடன் இணைப்பதாகும். இதற்காகப் பாதை வாலாஜா ரோட்டிலிருந்து காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் வழியாகப் படிப்படியாக நீட்டிக்கப்பட்டது. 1861இல் பாதை சேலத்தை அடைந்தது. மலபார்ப் பகுதியில் பேப்பூரிலிருந்து கிழக்கு நோக்கிக் கட்டப்பட்ட பாதையுடன் 1862இல் இது இணைந்தது. இவ்வாறு சுமார் 100 கிலோமீட்டர் பாதை, ஆறே ஆண்டுகளில் ஏறத்தாழ 400 மைல் (சுமார் 640 கிலோமீட்டர்) நீளமுள்ள கடல்முதல் கடல்வரையிலான பாதையாக வளர்ந்தது.

1864இல் சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குக் கிளைப்பாதை திறக்கப்பட்டது. அரக்கோணத்திலிருந்து வடமேற்காகச் சென்ற மற்றொரு பாதை 1871இல் இராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையுடன் இணைந்தது. இதனால் வேலூர்ப் பகுதியின் இருமுனைகளிலும் இரு பெரும் சந்திப்புகள் உருவாயின. கிழக்கே அரக்கோணம், மேற்கே சோலையார்பேட்டை என்பன அவை.

பாதை பாலாற்றின் வடகரையில் உள்ள காட்பாடி வழியாகச் சென்றதால், தென்கரையில் உள்ள வேலூர் நகரம் முதன்மைப் பாதையில் இடம்பெறவில்லை. இன்றும் சென்னையிலிருந்து வேலூருக்குத் தொடர்வண்டியில் செல்வோரில் பெரும்பாலோர் காட்பாடியில் இறங்கி ஆற்றைக் கடந்தே நகரை அடைகின்றனர்.

தோல் வணிகமும் சரக்குப் போக்குவரத்தும்

மதராஸ் ரயில்வே தோலை மனத்திற்கொண்டு கட்டப்பட்டதன்று. படைகளை நகர்த்துவதும், பருத்தி முதலிய விளைபொருள்களைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்வதும், இறக்குமதிப் பொருள்களை உள்நாட்டில் பரப்புவதுமே முதன்மை நோக்கங்களாகக் கருதப்பட்டன. எனினும் பாதை சென்ற பள்ளத்தாக்கில் தோல் பதனிடுவதற்கு வேண்டியவை அமைந்திருந்தன. பாலாற்றின் ஊற்றுநீர், சுற்றுப்புறத்தில் மிகுதியாக வளர்ந்த ஆவாரஞ் செடியின் பட்டை, கால்நடைகள், வணிகத்தில் தேர்ந்த தமிழ் முசுலிம் குடும்பங்கள் ஆகியவை ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம் ஆகிய ஊர்களின் வலிமையாக இருந்தன.

தோல் பதனிடுதல் எடைமிகுந்த தொழிலாகும். உப்பிட்ட பச்சைத்தோல், பட்டை, சுண்ணாம்பு ஆகியவை உள்ளே வரவேண்டும். பதனிட்ட தோல் வெளியே செல்லவேண்டும். மாட்டுவண்டியில் பல நாட்கள் பிடித்த இப்பயணம் தொடர்வண்டியில் ஓரிரு நாட்களாகச் சுருங்கியது. பச்சைத்தோல் விரைவில் கெடக்கூடியது என்பதால் இவ்வேறுபாடு பெரிதாகும். உள்ளூர்த் தோல் போதாதபோது வட இந்தியாவிலிருந்தும் பச்சைத்தோல் தொடர்வண்டி வழியாகச் சென்னை மாகாணத்துக்கு வந்தது.

ஆவாரம் பட்டையால் அரைகுறையாகப் பதனிடப்பட்ட தோல் சென்னை வழியாக இலண்டன் சந்தைக்குச் சென்றது. அங்கு அது மீண்டும் பதனிடப்பட்டுக் காலணியாகவும் பிற பொருள்களாகவும் மாறியது. சென்னையில் இவ்வணிகத்தின் மையம் பெரியமேடு ஆகும். 1873இல் திறக்கப்பட்ட சென்ட்ரல் நிலையத்துக்கு மிக அருகில் இது அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது.

முதல் உலகப்போரின்போது பிரித்தானியப் படையினரின் காலணிகளுக்காகச் சென்னையின் அரைப்பதனிட்ட மாட்டுத்தோலை அரசு பெருமளவில் கொள்முதல் செய்தது. போருக்குப் பின், 1919இல், பச்சைத்தோல் ஏற்றுமதிக்கு 15 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. உள்நாட்டில் பதனிடுதலை ஊக்குவிப்பது இதன் நோக்கங்களுள் ஒன்றாகும்.

இருப்புப்பாதைக் கட்டண முறை வேறொரு திசையில் இயங்கியது. துறைமுகத்துக்குச் செல்லும் சரக்குக்கும் துறைமுகத்திலிருந்து வரும் சரக்குக்கும் சலுகைக் கட்டணமும், உள்நாட்டு ஊர்களுக்கிடையே செல்லும் சரக்குக்குக் கூடுதல் கட்டணமும் விதிக்கப்படுவதாக இந்திய வணிகர்கள் பலகாலம் குறைகூறி வந்தனர். 1920-21இல் கூடிய அக்வொர்த் குழுவின் முன்னும் இக்குறை வைக்கப்பட்டது. துறைமுகத்தை நோக்கியே வளர்ந்த பாதை, பள்ளத்தாக்கின் தொழிலுக்கு உலகச் சந்தையைத் திறந்துவிட்டது. அதே வேளையில் முழுமைபெறாத பொருளை ஏற்றுமதி செய்யும் வழக்கத்தையும் எளிதாக்கியது.

சிறு பாதைகளும் அகல வேறுபாடும்

பெரும்பாதை தொடாத ஊர்களுக்காகச் சிறு பாதைகள் தோன்றின. 1862இல் உருவான இந்தியன் டிராம்வே கம்பெனி, அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு 19 மைல் நீளமுள்ள பாதையை 1865இல் திறந்தது. செலவைக் குறைக்க 3 அடி 6 அங்குல அகலமே போதுமென அந்நிறுவனம் கருதியது. பின்னர் அது கர்நாடிக் ரயில்வே எனப் பெயர் மாறி, 1874இல் நாகப்பட்டினம் பகுதியில் இயங்கிய மற்றொரு நிறுவனத்துடன் சேர்ந்து தென்னிந்திய ரயில்வே ஆயிற்று. காஞ்சிபுரம் பாதை 1878இல் மீட்டர்ப் பாதையாக மாற்றப்பட்டது.

தென்னிந்திய ரயில்வேயின் விழுப்புரம் - தர்மாவரம் மீட்டர்ப் பாதை 1891ஆம் ஆண்டளவில் வேலூர் நகரையும் காட்பாடியையும் தொட்டது. இதனால் வேலூர் நகரம் இருப்புப்பாதை பெற்றது. ஆனால் ஒரு நிறுவனத்தின் சரக்குப்பெட்டி மற்றதன் தண்டவாளத்தில் ஓட இயலாது. எனவே காட்பாடியில் மூட்டைகளை ஆட்களைக்கொண்டு இறக்கி ஏற்றவேண்டியிருந்தது. கூலிச் செலவு, காலத்தாழ்வு, சேதம் ஆகிய மூன்றும் இதனால் விளைந்தன. இவ்வேறுபாடு நீங்கிக் காட்பாடி - விழுப்புரம் பாதை அகலப்பாதையாவதற்கு 21ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

1876-78 பெரும் பஞ்சத்தில், கடல்வழியாகச் சென்னைக்கு வந்த தானியத்தை உள்நாட்டுக்குக் கொண்டுசெல்ல மதராஸ் ரயில்வேயின் பெட்டிகள் போதவில்லை. தானிய மூட்டைகள் சென்னைக் கடற்கரையில் தேங்கின. பாதையிலிருந்து தொலைவில் இருந்த ஊர்கள் மேலும் துன்புற்றன. 1880ஆம் ஆண்டின் பஞ்ச ஆணையம் பஞ்சத் தடுப்புப் பாதைகளைப் பரிந்துரைத்தது. இவ்வகையில் திருப்பத்தூர் - கிருஷ்ணகிரி (1905), மொரப்பூர் - தருமபுரி (1906) ஆகிய இரு பாதைகள் 2 அடி 6 அங்குல அகலத்தில் கட்டப்பட்டு, மதராஸ் ரயில்வேயால் இயக்கப்பட்டன. போதிய வருவாய் தராத இவ்விரு பாதைகளும் நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே மூடப்பட்டன.

அரசுடைமையாதல்

1907இல் மதராஸ் ரயில்வேயின் பாதை மங்களூர் வரை சென்றிருந்தது. அவ்வாண்டின் இறுதியில் ஒப்பந்தக் காலம் முடிவுற்றதும் அரசு நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. அதன் பாதைகள் மதராஸ் மற்றும் தென் மராட்டா ரயில்வே, தென்னிந்திய ரயில்வே ஆகியவற்றிடம் ஒப்படைக்கப்பட்டன. வேலூர் - ஆம்பூர் பகுதி முன்னதன் பொறுப்பில் வந்தது. இவ்விரு நிறுவனங்களின் நிர்வாகத்தையும் 1944இல் அரசு நேரடியாக ஏற்றது. 1951 ஏப்ரல் 14 அன்று இவற்றுடன் மைசூர் அரசு ரயில்வேயும் இணைக்கப்பட்டுத் தெற்கு ரயில்வே உருவாயிற்று.

இன்றைய நிலை

1970களில் அரைப்பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தியதைத் தொடர்ந்து, ஆம்பூர் வட்டாரம் முழுமையாகப் பதனிட்ட தோலுக்கும் காலணிகளுக்கும் மாறியது. இவை எடை குறைந்தவை, விலை மிகுந்தவை, குறித்த நாளில் துறைமுகம் சேரவேண்டியவை. 1980களில் இந்திய ரயில்வே சில்லறைச் சரக்கைக் கைவிட்டு, ஒரே பொருளை முழுத் தொடர்வண்டியாக ஏற்றும் முறைக்கு நகர்ந்தது. நிலக்கரிக்கும் சிமெண்டுக்கும் பொருந்தும் இம்முறை காலணிப் பெட்டிகளுக்குப் பொருந்தவில்லை. எனவே தோல் சரக்கு பெரும்பாலும் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் செல்லும் சரக்குந்துகளுக்கு மாறிவிட்டது.

2019இல் வேலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபின், இப்பாதை இராணிப்பேட்டை, வேலூர், திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களின் வழியே செல்கிறது. இராயபுரம் நிலையக் கட்டிடம் இன்றும் நிற்கிறது. ஆம்பூரிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் தோல் செல்வது குறைந்துவிட்டாலும், காலணித் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் செல்லும் ஆண்களும் பெண்களும் மதராஸ் ரயில்வே அமைத்த அதே வழித்தடத்தில் பயணம் செய்து வருகின்றனர்.