பனிக்காலத்தில் தோல் வெடிக்கிறதா?

கார்த்திகை தீபம் முடிந்து, பிள்ளையார் நோன்புக்கு 21 நாளை எண்ண ஆரம்பித்தாலே எங்கள் கானாடுகாத்தான் பக்கம் பனி இறங்கிவிடும். வாடைக் காற்று வீசுகிற காலையில் முற்றத்துக் கல்லில் கால் வைக்க முடியாது. தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே உறைந்து நிற்கும். கூடவே தோல் வறட்சியும் வந்துவிடும். கையைச் சொறிந்தால் வெள்ளைக் கோடு விழும், உதடு வெடிக்கும், முழங்கால் சாம்பல் பூத்தாற்போல் ஆகிவிடும், குதிகாலில் கத்தியால் கீறினது போல வெடிப்பு விழும்.

"நம்ம ஊர்க் குளிர் என்ன ஊட்டிக் குளிரா? தை பிறந்தால் தானே சரியாகப் போகும்" என்று நாம் சும்மா இருந்துவிடுகிறோம். பெரும்பாலோருக்குச் சரியாகத்தான் போகும். ஆனால் கைக்குழந்தைக்கும், வயதானவர்களுக்கும், சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கும் இது அப்படி விட்டுவிடக் கூடிய விஷயம் அல்ல.

தோல் ஏன் வறள்கிறது?

நம் செட்டிநாட்டு வீட்டுச் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். செங்கல்லை அடுக்கி, நடுவில் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டியிருப்பார்கள். தோலின் மேல் அடுக்கும் அப்படித்தான். உலர்ந்த செல்கள்தான் செங்கல். அவற்றுக்கு நடுவே இருக்கிற கொழுப்புப் பசைதான் சாந்து. அது சரியாக இருக்கும் வரை உடம்பின் ஈரம் வெளியே போகாது, வெளிக் கிருமியும் உள்ளே வராது.

"பனிதான் பெய்கிறதே, அப்புறம் ஏது வறட்சி?" என்று கேட்கலாம். விடியற்காலையில் பனி பெய்தாலும், குளிர்ந்த காற்றால் அதிக ஈரத்தைத் தாங்க முடியாது. வெயில் ஏற ஏற அந்தக் காற்று உலர்ந்து, தோலிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிறது. போதாததற்கு, குளிருக்கு இதமாக இருக்கிறதென்று கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றிச் சோப்புப் போட்டுத் தேய்க்கிறோம். நடுவில் இருந்த சாந்து கரைந்தே போய்விடுகிறது. பனி செய்கிற கெடுதலை விட வெந்நீரும் சோப்பும் செய்கிற கெடுதல் அதிகம்.

குளியலை மாற்றினாலே பாதி சரியாகும்

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். குளியலை 10 நிமிடத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். சோப்பு காரத்தன்மை உள்ளது. தோலோ லேசான புளிப்புத் தன்மை உள்ளது. அதனால் அக்குள், தொடை இடுக்கு, பாதம் இவற்றுக்கு மட்டும் தினம் சோப்புப் போட்டு, கை கால்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாம். பீர்க்கங்கூட்டால் பரபரவென்று தேய்ப்பதைப் பனிக்காலத்தில் நிறுத்திவையுங்கள்.

உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. நாம் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போடுவோம். அது சரியாக அலசாமல் தோலில் படிந்து அரிப்பைத் தரும். ஆகவே குறைவாகப் போட்டு, நன்றாக அலச வேண்டும்.

முக்கியமான விஷயம் இதுதான். துண்டால் அழுத்தித் துடைக்காமல், ஒற்றி எடுங்கள். தோலில் ஈரப்பசை இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள், எண்ணெயோ கிரீமோ தடவிவிடுங்கள். எண்ணெய் ஈரத்தைத் தராது. இருக்கிற ஈரம் போய்விடாமல் பூட்டு மட்டும் போடும். காய்ந்த தோலில் எவ்வளவு எண்ணெய் பூசினாலும் அது காலி வீட்டுக்குப் போட்ட பூட்டுதான்!

எண்ணெய்க் குளியல் வேண்டாமா?

செவ்வாய், வெள்ளி எண்ணெய்க் குளியலை விட வேண்டியதில்லை. நல்லெண்ணெயைத் தேய்த்து ஊறினால் உடம்புக்குச் சுகம்தான். ஆனால் அப்புறம் என்ன செய்கிறோம்? பிசுக்குப் போகவேண்டுமென்று சீயக்காயை உடம்பு முழுக்கத் தேய்த்து, வெந்நீரால் அலசி, தேய்த்த எண்ணெயோடு தோலின் சொந்த எண்ணெயையும் கழுவி அனுப்பிவிடுகிறோம்! சீயக்காய் தலையோடு நிற்கட்டும். உடம்புக்குப் பச்சைப்பயற்று மாவைப் பாலாடையில் குழைத்து லேசாகப் பூசிக் கழுவினால் போதும். குளித்து முடித்ததும் ஈர உடம்பில் ஒரு கை எண்ணெய் தடவ மறக்காதீர்கள்.

எதைத் தடவலாம்?

விலை உயர்ந்த கிரீம்தான் வேண்டும் என்பதில்லை. தோல் வறட்சி உள்ள 34 பேரிடம் பிலிப்பைன்ஸ் நாட்டில் தேங்காய் எண்ணெயையும் மினரல் ஆயிலையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டுமே ஒரே அளவு பலன் தந்தன என்று 2004-ல் வெளியிட்டார்கள். உறைந்த எண்ணெயை அடுப்பில் காட்ட வேண்டாம். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் இளகிவிடும். முகத்தில் பரு வருகிறவர்கள் மட்டும் முகத்துக்குத் தேங்காய் எண்ணெயைத் தவிர்க்கலாம்.

1872-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற வாசலின் இன்றும் கைகண்ட பொருள். உதடு, முழங்கை, குதிகாலுக்கு அது நன்றாகக் கேட்கும். உதட்டை நாக்கால் ஈரப்படுத்துவது கூடாது. எச்சில் காய்ந்ததும் வெடிப்பு அதிகமாகும். வெண்ணெயோ நெய்யோ தொட்டு வைக்கலாம்.

எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா இரண்டையும் வறண்ட தோலுக்குப் போடாதீர்கள். எரிச்சலும் புண்ணும்தான் மிஞ்சும்.

பாத்திரம் தேய்க்கும் சோப்பும், துணி துவைக்கும் பவுடரும் படுகிற கைகளுக்கு, வேலைக்கு முன்னால் இரண்டு சொட்டு எண்ணெய், முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து இன்னும் இரண்டு சொட்டு என்று வழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். வெடிப்பு இருந்தால் ரப்பர் கையுறை போட்டுக்கொள்வது உத்தமம்.

கைக்குழந்தைக்கு

பிறந்த குழந்தையை உடனே குளிப்பாட்ட வேண்டாம், 24 மணி நேரம் போகட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. மேலே வெண்ணெய் பூசினாற்போல் இருக்கும் மாவுதான் அந்தத் தோலுக்கு முதல் காப்பு. முதல் இரண்டு வாரம் தோல் லேசாக உரிந்தால் பயப்பட வேண்டாம், அது இயற்கை.

குளிப்பாட்டும் தண்ணீரை உங்கள் முழங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடு தெரியக் கூடாது. தேங்காய் எண்ணெயை இதமாகத் தடவுங்கள். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். சாம்பிராணிப் புகை பிஞ்சு மூச்சுக்கு ஆகாது. டால்கம் பவுடர் வேண்டவே வேண்டாம். அது ஈரத்தை இழுப்பதோடு, தூள் நெஞ்சுக்குள்ளும் போகும். கன்னத்திலும், கை கால் மடிப்பிலும் சிவந்து, அரித்து, நீர் கசிந்தால் அது கரப்பானாக இருக்கலாம். பத்தியத்திலேயே நாளைக் கடத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

பித்த வெடிப்பும் பழனி நடையும்

பெயர்தான் பித்த வெடிப்பு. பித்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குதிகால் தோல் தடித்து, ஈரமற்று, உடம்பின் கனம் தாங்காமல் பிளந்துவிடுகிறது. வீட்டுக்குள்ளும் வெளியிலும் வெறுங்காலோடு நடக்கிற நமக்கு அது அதிகம்.

இரவில் 10 நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் பாதத்தை ஊறவைத்து, கால் தேய்க்கும் கல்லால் மெதுவாகத் தேய்த்து, ஒற்றியெடுத்து, வாசலின் பூசிப் பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு படுங்கள். மருந்துக்கடையில் யூரியா கலந்த கிரீம் என்று கேட்டாலும் தருவார்கள். வயலுக்குப் போடும் யூரியா அல்ல, பயப்பட வேண்டாம்! பிளேடால் சீவுவதும், வெடிப்பில் சூடாக மெழுகு ஊற்றுவதும் ஆபத்து.

தைப்பூசத்துக்காகக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நம் நகரத்தார் காவடியோடு நடந்து போகிறார்கள். அந்த நடை வருவது தோல் மிகவும் வறண்டிருக்கும் நாட்களில்தான். நடக்க நேர்ந்துகொண்டவர்கள் மார்கழி முதல் தேதியிலேயே பாதத்தைக் கவனிக்க ஆரம்பித்தால், தையில் முருகன் சந்நிதி வரை கால் ஒத்துழைக்கும்.

சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு இந்த யோசனைகள் அப்படியே பொருந்தாது. பல வருடச் சர்க்கரையில் பாதத்து நரம்புகள் உணர்ச்சி இழந்துவிடும். தண்ணீர் சுட்டாலும் தெரியாது, கல் கிழித்தாலும் தெரியாது. வலிக்காத வெடிப்பில் கிருமி புகுந்து, புண்ணாகி, விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலைவரை போய்விடுகிறது. அவர்கள் பாதத்தை ஊறவைக்கவும் வேண்டாம், கல்லால் தேய்க்கவும் வேண்டாம். தினமும் கழுவி, விரல் இடுக்கை உலர்த்தி, பாதத்துக்கு மட்டும் கிரீம் தடவ வேண்டும். விரல் இடுக்கில் தடவினால் சேற்றுப்புண் வரும். வீட்டுக்குள்ளும் செருப்பு அவசியம். வெறுங்கால் நடைக்கு நேர்ந்திருந்தால், முதலில் டாக்டரிடம் பாதத்தைக் காட்டிவிட வேண்டும்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சிகள் நம் பக்கம் எத்தனை பேர்! குனிந்து தன் உள்ளங்காலைப் பார்க்க அவர்களால் முடிவதில்லை. நீங்கள் பார்க்கப் போகும்போது பலகாரத்தோடு ஒரு டப்பி வாசலினும் கொண்டுபோய், அவர்கள் காலை மடியில் வைத்து ஒரு தரம் பாருங்கள். யாரும் இல்லாத நாளுக்கு, தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பாதத்தைக் காட்டிப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள்.

இவை வெறும் வறட்சி அல்ல

வறட்சியோடு காரணமில்லாத அசதி, உடம்பு கனத்தல், முடி கொட்டுதல் சேர்ந்தால் தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உடம்பு முழுக்க அரிப்பு வாரக்கணக்கில் நீடித்தால் சிறுநீரகம், கல்லீரல் பார்க்க வேண்டும். வெளிறிய, வறண்ட ஒரு திட்டு இருந்து, அங்கே தொட்டால் உணர்ச்சி குறைவாக இருந்தால், அது தொழுநோயின் ஆரம்பமாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம், முழுதாகக் குணமாகும். வெட்கப்பட்டு மறைத்தால்தான் கை கால் ஊனமாகும்.

குழந்தைகளுக்கு முழங்கையிலும் முழங்காலிலும் முள் முள்ளாகத் தடித்திருந்தால், அது சத்துக் குறைவாலும் வரும். தவளைத்தோல் என்ற பொருளில் 1933-லேயே இலங்கையில் இருந்த டாக்டர் லூசியஸ் நிக்கோல்ஸ் இதற்குப் பெயர் வைத்து எழுதினார். நல்லெண்ணெய், கடலை, கீரை, முட்டை தாராளமாகச் சேருங்கள்.

தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால் தோல் மின்னிவிடாது. தாகம் தெரியாத குளிரிலும் தேவையான அளவு குடித்தால் போதும். மற்றபடி செலவே இல்லாத மூன்று விஷயங்கள்தான்: வெந்நீரின் சூட்டைக் குறையுங்கள், சோப்பைக் குறையுங்கள், ஈரம் காயுமுன் எண்ணெய் தடவுங்கள். இன்றைக்கே ஆரம்பித்தால் ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.