மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்குக் காக்ளியர் இம்பிளாண்ட் வைக்கலாமா?

சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களில் சிலருக்குக் காதும் ஏன் பழுதாகிறது? ஆல்போர்ட் நோய்க்குறி ஒரு காரணம். நான்காம் வகைக் கொலாஜன் புரதத்தில் பிறவிக் கோளாறு. சிறுநீரக வடிகட்டியிலும் உட்செவியிலும் அதே புரதம் இருப்பதால் இரண்டும் கெடுகின்றன. புதுச் சிறுநீரகம் வந்தாலும் போன செவித்திறன் திரும்புவதில்லை. இன்னொரு காரணம், உயிர்காக்கப் போட்ட அமிகாசின், ஜென்டாமைசின் ஊசிகள். அவை உட்செவியின் மயிர்ச்செல்களை அழிக்கக்கூடும். அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை.

காது மெஷினும் உதவாதபோதுதான் காக்ளியர் இம்பிளாண்ட். நத்தை ஓடாய்ச் சுருண்ட காக்ளியாவுக்குள் நுழைக்கும் மெல்லிய மின்முனைக் கம்பி, செத்த செல்களைத் தாண்டிச் செவி நரம்பையே தூண்டுகிறது.

சிக்கல் எங்கே? மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காதிருக்க டாக்ரோலிமஸ், ஸ்டீராய்டு போன்ற மாத்திரைகளை நாள்தோறும் விழுங்க வேண்டும். அவை எதிர்ப்பாற்றலை அடக்கும். ஸ்டீராய்டால் காயம் ஆறுவதும் தாமதமாகும். கருவியின்மேல் கிருமிகள் படலமாகப் படிந்தால் மருந்து எளிதில் எட்டாது. கருவியையே எடுக்க நேரலாம். மூளையுறைக் காய்ச்சல் அபாயமும் உண்டு. ஆகவே நிமோகாக்கல் தடுப்பூசியை முன்னதாகவே போடுகிறார்கள். அதில் உயிருள்ள கிருமி இல்லை, இவர்களுக்கும் போடலாம்.

இத்தனை இருந்தும், இது பயந்து ஒதுக்கவேண்டிய அறுவை அல்ல. இத்தகைய நோயாளிகள் நன்றாகக் கேட்கத் தொடங்கியதை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. ஒன்று மட்டும்: அறுவைக்காக எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அதை உறுப்பு மாற்று மருத்துவரும் காது மருத்துவரும் கூடிப் பேசி முடிவு செய்யட்டும்.