சுறாமீன் இரை தேடும் வழி



கடல் சூழ்ந்த நாடு நம்முடையது. ஆயினும் கடல்வாழ் உயிர்களுள் நாம் மிகுதியாக அஞ்சுவதும், குறைவாக அறிந்ததும் சுறாமீனே எனலாம். மன்னார் முத்துக்குளிப்பிலே, சுறாவின் வாயை மந்திரத்தாற் கட்டுவதற்கென்றே 'கடல்கட்டி' என்பார் இருந்தனர். அவர் கரையில் இருந்தாலன்றி முத்துக் குளிப்போர் நீரில் இறங்க உடன்படார். ஆதலால் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கில அரசாங்கமே அவருக்கு ஊதியம் கொடுத்து வந்தது. மந்திரம் மறைந்துவிட்டது, அச்சம் மறையவில்லை. ஒரு துளி இரத்தம் கடலில் விழுந்தாற் போதும், பல மைல்களுக்கு அப்பாலிருந்தே சுறா அதனை மோந்து வந்துவிடும் என்று பாடசாலைப் பிள்ளைகளும் கூறுவர், பெரியோரும் கூறுவர். இக்கூற்று எவ்வளவு உண்மை? சுறா தன் இரையை எவ்வாறு கண்டுகொள்கின்றது? அதனை மனிதர் எவ்வாறு அறிந்தனர்? இவையே இன்றைய பேச்சின் பொருள்.

"நீ எதனால் அறிந்தாய்?" என்று ஒரு மீனிடம் கேட்டறிதல் இயலாது. எனவே ஆராய்ச்சியாளர் ஓர் எளிய வழியைக் கைக்கொண்டனர். பல விளக்குகள் எரியும் மண்டபத்திலே, எந்த விளக்கு எந்த மூலைக்கு ஒளி தருகின்றது என்பதை அறிய வேண்டுமாயின், ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தல் போதும். அவ்வாறே சுறாவின் புலன்களை ஒவ்வொன்றாகத் தற்காலிகமாக மறைத்து, அதன் வேட்டை எங்கே தடைப்படுகின்றது என்று நோக்கினர்.

முதலில் மோப்பத்தை எடுத்துக்கொள்வோம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் வூட்ஸ் ஹோல் என்னும் கடற்கரை ஊரில் செல்டன், பார்க்கர் என்னும் இருவர் சிறிய சுறாக்களை வைத்து ஆராய்ந்தனர். நண்டின் சதையைத் துணியிற் பொதிந்து நீரில் இட்டபோது சுறாக்கள் அதனை விரைவிற் கண்டுபிடித்தன. மூக்குத் துளைகள் இரண்டையும் பஞ்சினால் அடைத்தபோது, அப்பொதியின் அருகாகவே நீந்தியும் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஒரு துளையை மாத்திரம் அடைத்தபோதோ, திறந்திருந்த துளையின் பக்கமாகவே திரும்பித் திரும்பி வட்டமிட்டன. இரு நாசிகளும் சேர்ந்தே வழிகாட்டுகின்றன என்பது இதனாற் புலனாயிற்று. எந்த நாசியில் மணம் வலிமையாக உள்ளதோ அப்பக்கம் சுறா திரும்பும் என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. ஆனால் கார்டினர், அட்டெமா என்போர் 2010இல் வெளியிட்ட ஆய்வு வேறு விடை தந்தது. மணம் எந்த நாசியை முதலில் எட்டுகின்றதோ அப்பக்கமே சுறா திரும்புகின்றது. அரை விநாடிக்கும் குறைந்த கால வேற்றுமையைக் கூட அது உணர்கின்றது.

இனி இரத்தத் துளியின் கதைக்கு வருவோம். மணம் என்பது நீரோட்டம் சுமந்து வரும் பொருள். நீரோட்டம் எவ்வளவு விரைவாகச் செல்லுமோ அவ்வளவு விரைவாகவே அதுவும் செல்லும். செல்லுந்தோறும் கலைந்து ஐதாகும். பல மைல் தூரத்துத் துளி ஒரு நொடியில் சுறாவை எட்டுதல் இயலாது. அன்றியும், சுறாக்களும் திருக்கைகளும் அடங்கிய ஐந்து இனங்களை மெரடித், கஜியுரா என்னும் ஆராய்ச்சியாளர் சோதித்து, அவற்றின் மோப்பக் கூர்மை ஏனைய மீன்களினுடையதை விட விஞ்சியதன்று என 2010இல் அறிவித்தனர். சுறாவின் மூக்கு சிறந்ததே. ஆயின் மாயமூக்கு அன்று.

மோப்பத்தினும் விரைந்து செல்வது ஒலி. நீரில் அது விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் தூரம் செல்லும். 1963இல் நெல்சன், குரூபர் என்னும் இருவர், இரை எதனையும் இடாமல், கடலினுள் ஒலிபெருக்கியை இறக்கி, விட்டுவிட்டு எழும் தாழ்ந்த ஒலிகளை எழுப்பினர். காயமுற்ற மீன் துடிக்கும்போது எழும் ஒலியை ஒத்தவை அவை. பெருஞ்சுறாக்கள் அவ்விடத்தை நாடி வந்தன. இன்னும் அண்மையில் வந்தால், சுறாவின் உடலின் இரு பக்கங்களிலும் ஓடும் 'பக்கக்கோடு' என்னும் உறுப்பு, நீரின் சிற்றசைவுகளை உணர்த்துகின்றது. கண்ணும் துணை செய்கின்றது. விழித்திரையின் பின்னே ஒளியைத் திருப்பியெறியும் படலம் ஒன்று இருப்பதனால், மங்கலான ஒளியிலும் சுறா நன்கு பார்க்கும்.

ஆனால் இங்கே ஒரு புதிர் எழுகின்றது. இரையைக் கவ்வும் கணத்திலே வெண்சுறா தன் கண்களை உட்புறமாகச் சுழற்றிக்கொள்கின்றது. வேறு பல சுறாக்கள் கண்ணை ஒரு மென்றோலால் மூடிக்கொள்கின்றன. மிகவும் வேண்டிய வேளையிற் பார்வை இல்லை. அப்படியிருக்க, வாய் எவ்வாறு தவறாமல் இரையைச் சேர்கின்றது?

விடை சுறாவின் மூஞ்சியிலேயே எழுதப்பட்டிருந்தது. அங்கே காணப்படும் எண்ணற்ற நுண்துளைகள், கூழ் போன்ற பொருள் நிறைந்த குழாய்களின் வாய்களாகும். இத்தகைய உறுப்புகளை இத்தாலியரான லொரென்சினி 1678இலேயே மின்சாரத் திருக்கையில் கண்டு விவரித்தார். அவற்றின் பயன் ஏறக்குறைய 300 ஆண்டுகள் விளங்காதிருந்தது. 1960இல் மறே என்னும் ஆங்கில விஞ்ஞானி, அவை மிகச் சிறிய மின்சாரத்தையும் உணர்கின்றன எனக் காட்டினார். உயிருள்ள மீன் ஒவ்வொன்றும் நீரில் மெல்லிய மின்புலம் ஒன்றைத் தோற்றுவிக்கின்றது. அதனைச் சுறா வேட்டையிற் பயன்படுத்துகின்றதா என்பதே அடுத்த வினா.

ஒல்லாந்து நாட்டவரான கல்மைன் அதற்கு 1971இல் விடை கண்டார். தட்டைமீன் ஒன்றை மணலினுள் மறைத்து வைத்தார், சுறா கண்டுபிடித்தது. கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் என்னும் கூழினாற் செய்த பெட்டியினுள் அம்மீனை வைத்தார். அப்பெட்டி மணத்தை மறைக்கும், மின்சாரத்தை மறைக்காது. அப்பொழுதும் சுறா நேரே மீனிருக்கும் இடத்தையே தோண்டியது. பெட்டியின் மேல் மின்சாரம் ஊடுருவாத மெல்லிய பிளாஸ்ரிக் தாளைப் போர்த்தினார். சுறா ஒன்றும் அறியாது கடந்து சென்றது. இறுதியாக, மீனே இல்லாமல் இரு மின்வாய்களை மட்டும் மணலிற் புதைத்து, மீனினுடையதை ஒத்த மின்சாரத்தைச் செலுத்தினார். சுறா அவற்றையே இரையென்று தோண்டியது! பின்னர் அமெரிக்கக் கரைக்கடலிலும் அவர் இதனைச் சோதித்தார். இரையின் மணத்தை நாடிவந்த சுறாக்கள், கடைசிக் கணத்தில் மணம் வந்த இடத்தை விட்டு மின்வாய்களையே கடித்தன.

இப்புலனின் நுண்மையை நாம் கற்பனை செய்தலும் அரிது. ஒரு சென்ரிமீற்றருக்கு ஒரு வோல்ற்றின் 20 கோடியில் ஒரு பங்கு என்னும் அளவினையும் அது உணர்கின்றது. மின்சூளில் இடும் 1.5 வோல்ற்று மின்கலத்தின் இரு முனைகளையும் 3,000 கிலோமீற்றர் தூரம் பிரித்து வைத்தால் உண்டாகும் அளவு அது. நமது இலங்கையின் நீளத்தைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு தூரம்! எனினும், மீனின் மின்புலம் ஓரிரு அடிகளுக்கு மேற் செல்வதில்லை. எனவே இது இறுதிக் கணத்துக்குரிய புலன். உயிர்களை அவற்றின் அறிவின் தொகையால் வகுத்தார் தொல்காப்பியர். மெய், வாய், மூக்கு, கண், செவி என்னும் அவ்வைந்தினுள் அடங்காத ஒன்று இது. நம்மிடம் இல்லாமையால் நம் மொழியில் அதற்கு ஒரு பழம்பெயரும் இல்லை.

இவ்விளக்குகள் யாவற்றையும் ஒரே மண்டபத்தில் அணைத்துப் பார்த்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. புளோரிடாவில் கார்டினரும் அவர் துணைவரும், தாதிச்சுறா, கருநுனிச்சுறா, கொம்பன் சுறாவின் உறவான தொப்பித்தலைச்சுறா என்னும் மூவினங்களை நீரோடும் தொட்டியில் விட்டு, மூக்கு, கண், பக்கக்கோடு, மின்புலன் ஆகியவற்றை மாறி மாறி மறைத்தனர். மூக்கை அடைத்தவுடன் தாதிச்சுறா இரையைத் தேடுவதையே விட்டுவிட்டது. ஏனைய இரண்டும் கண்ணால் தேடிக்கொண்டன. மின்புலனை மறைத்தபோது, இரையின் அருகு வரை வந்த சுறாக்கள் உரிய கணத்தில் வாயைத் திறக்கப் பெரும்பாலும் தவறின. ஆகவே, சுறாவின் வெற்றி தனியொரு புலனின் வெற்றியன்று. ஒன்று கொணர்ந்ததை மற்றொன்று ஏற்றுச் செல்கின்றது. ஒன்று தவறினால், இனத்துக்கேற்ப, வேறொன்று கைகொடுக்கின்றது.

இவ்வறிவினால் ஆவதென்ன என்று கேட்பீராயின், இப்பொழுது அழிவை எதிர்நோக்குவது மனிதனல்லன், சுறாவே. ஆழ்கடலில் வாழும் சுறா, திருக்கை இனங்களின் தொகை 1970 முதல் ஏறத்தாழ 71 சதவீதம் குறைந்துவிட்டதென 2021இல் வெளியான கணிப்பொன்று கூறுகின்றது. அவற்றுள் எத்தனையோ, வேறு மீனுக்கென இட்ட தூண்டிலில் வீணே சிக்கியவை. நம் நாட்டிலும் நெடுவாற் சுறாக்களைப் பிடித்தல் 2012இல் தடை செய்யப்பட்டது. ஆனால் தூண்டில் சட்டம் அறியாது. எந்த மீன் வரினும் பற்றும். அதற்கும் ஒரு வழி தென்படுகின்றது. பிரான்சு நாட்டின் தென்கடலில், சூரைமீனுக்கு இடும் தூண்டில்களின் அருகே சிறிய மின்துடிப்பை எழுப்பும் கருவியைக் கட்டிப் பார்த்தனர். மின்புலன் படைத்த நீலச்சுறாக்கள் அத்தூண்டில்களிற் சிக்குவது 91 சதவீதம் குறைந்ததென 2022இல் அறிவித்தனர்.

கடல்கட்டியின் மந்திரம் சுறாவிடமிருந்து மனிதனைக் காப்பதாக நம்பப்பட்டது. இன்றைய ஆராய்ச்சியோ, சுறாவின் புலனைக் கொண்டே அதனை நம்முடைய தூண்டிலிலிருந்து காக்க முயல்கின்றது. ஓர் உயிர் உலகை எவ்வாறு உணர்கின்றது என்பதைப் பொறுமையோடு கற்றவர்க்கே அதனோடு ஒத்து வாழும் வழியும் புலப்படும்.