கழிவைத் தேடி வரும் உலை

2025-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி இரவு. போபாலில் இருந்து 12 கண்டெய்னர் லாரிகள் பலத்த போலீஸ் காவலுடன் புறப்பட்டன. 1984-ல் விஷவாயு கக்கிய யூனியன் கார்பைடு தொழிற்சாலையில் 40 ஆண்டுகளாகக் கிடந்த 337 டன் நச்சுக் கழிவு அவற்றில் இருந்தது. சுமார் 250 கி.மீ. தள்ளியிருக்கும் பீதம்பூர் எரி உலைக்கு அது போய்ச் சேர்ந்தது.

எங்கோ சேர்ந்த நஞ்சை இங்கே எரிப்பதா என்று பீதம்பூர் மக்கள் கொதித்தெழுந்தார்கள். ஜனவரி 3-ந் தேதி போராட்டத்தில் இருவர் தீக்குளிக்க முயன்று காயமடைந்தனர்.

கழிவு உலையைத் தேடிப் போவதற்குப் பதில், உலை கழிவைத் தேடி வரக் கூடாதா?

வந்திருக்கிறது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 1985-ம் ஆண்டிலேயே, டிரெய்லர் வண்டிகளில் ஏற்றிய உலையை ஒரு பண்ணைக்குக் கொண்டுபோய் டயாக்சின் நஞ்சை எரித்தார்கள்.

அதே மாநிலத்தில் டைம்ஸ் பீச் என்று ஓர் ஊர். புழுதி அடங்குவதற்காக 1970-களில் மண் சாலைகளில் கழிவு எண்ணெய் தெளித்தார்கள். அதில் டயாக்சின் கலந்திருந்தது 1982-ல்தான் உறுதியாயிற்று. மறு ஆண்டே, வீடுகளை அரசு விலைக்கு வாங்கும் என்று அறிவிக்கப்பட்டது. சுமார் 2,000 பேர் வாழ்ந்த ஊர் காலியாயிற்று.

அங்கே தற்காலிகமாக ஓர் உலை நிறுவப்பட்டது. 1996 மார்ச் முதல் 1997 ஜூன் வரை, அந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலுமாக 27 இடங்களில் தோண்டிய 2,65,000 டன் மண் எரிக்கப்பட்டது. பிறகு உலையைப் பிரித்து அகற்றினார்கள். 1999-ல் அவ்விடம் பூங்காவாகத் திறக்கப்பட்டது.

எப்படி எரிக்கிறார்கள்?

சிமெண்ட் ஆலைச் சூளை போன்ற ஒரு சுழலும் உருளைக்குள் மண் சூடாக்கப்படுகிறது. நஞ்சு ஆவியாகி இரண்டாவது அறைக்குப் போகிறது. அங்கே 1,000 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில் சிதைகிறது. புகையைக் குளிர்வித்து, கழுவிய பிறகே வெளியே விடுகிறார்கள். வெப்பம் குறைந்தால் கழிவு உள்ளே போவது தானாக நின்றுவிட வேண்டும். டயாக்சின் கழிவில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் மிஞ்சக் கூடாது என்பது அமெரிக்க விதி. முதலில் சோதனை எரிப்பு, தேறினால்தான் அனுமதி.

பீதம்பூரிலும், நீதிமன்ற உத்தரவின்படி மூன்று சோதனைகளுக்குப் பிறகே மீதிக் கழிவை எரித்தார்கள். 2025 ஜூன் இறுதியில் அது முடிந்தது. சுண்ணாம்பு முதலியன சேர்ந்ததால், எரித்த கழிவைவிட அதிக எடைக்குச் சாம்பலும் எச்சமும் மிஞ்சின. போபால் நிலத்தடி நீரில் கலந்த நஞ்சோ அந்த 337 டன் கணக்கில் சேராதது.

டைம்ஸ் பீச்சில் உலை எரிந்தபோது ஊர் காலியாக இருந்தது. பீதம்பூரில் மக்கள் குடியிருக்கிறார்கள். உலை எங்கே நின்றாலும், அதன் வெப்ப அளவையும் புகைச் சோதனை முடிவையும் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தினமும் காட்டியாக வேண்டும். அவர் கேட்பதும் அதைத்தான்.