விசிலைக் கண்ணால் எண்ணிய அம்மா

வீட்டில் ஒரு மூத்தவர் – 9

சென்ற வாரம் பெரியவர்கள் தடுமாறி விழுவதைப் பற்றிப் பார்த்தோம். இந்த வாரம், எங்கள் வீட்டிலேயே இரண்டு வருடம் கண்ணெதிரே இருந்தும் நாங்கள் கவனிக்காமல் விட்ட ஒன்றைச் சொல்லப்போகிறேன்.

அம்மாவுக்கு 72 வயது. குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு, திண்ணையில் கீரை ஆய்ந்தபடியே விசிலை எண்ணுவது அவர் வழக்கம். “மூணு ஆச்சு, அணைச்சுடு” என்று அங்கிருந்தே குரல் வரும். எப்போது என்று தெரியாமலே அந்த வழக்கம் மாறிப்போனது. அடுப்படியில் முக்காலியைப் போட்டுக் குக்கருக்கு நேர் எதிரே உட்கார ஆரம்பித்தார். கண் அந்த வெயிட்டின் மேலேயே இருக்கும். “ஏம்மா இந்த வெக்கையில உக்காந்திருக்கே?” என்றால் “சும்மாதான்” என்பார்.

சும்மா இல்லை. வெயிட் எழும்பி ஆவி பீறிடுவதைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தார். காது கைவிட்ட வேலையைக் கண் எடுத்துக்கொண்டிருந்தது.

அம்மா எதையும் மறைக்கவில்லை. வயதோடு வரும் செவித்திறன் குறைவு ஒரே நாளில் வருவதில்லை. வருடக்கணக்கில் இம்மி இம்மியாகக் குறையும். கண் மங்கினால் எழுத்து கலங்கித் தெரிகிறது, உடனே புரிந்துவிடும். காதுக்கு அப்படி ஒரு கலங்கல் கிடையாது. காதில் விழாத சத்தம், அது இல்லாதது போலத்தான். அதனால் முதலில் கண்டுபிடிக்க வேண்டியவர்கள் பக்கத்தில் இருக்கும் நாம்.

ஆனால் நாங்கள் அதற்கு வேறு பெயர்கள் வைத்தோம். “அத்தை நான் கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. நீங்க கூப்பிட்டா மட்டும் வர்றாங்க” என்று என் மனைவி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள். “சொன்னதெல்லாம் மறந்துபோகுது” என்று நான் கவலைப்பட்டேன். ஒருநாள் அவள் “அத்தை, சாவி எங்கே?” என்று கேட்க, “காபியா? இப்பத்தானே குடிச்சேன்” என்றார் அம்மா. எல்லோரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

அன்று சிரித்ததற்கு இன்றும் வருந்துகிறேன். அந்தப் பதிலிலேயே எல்லாம் இருந்தது.

உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அதற்குள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிரணுக்கள் இருக்கின்றன. அழிந்தால் மனிதருக்கு அவை திரும்ப முளைப்பதில்லை. உயர்ந்த சுருதியைப் பிடிக்கும் அணுக்கள் அந்தச் சுருளின் வாசல் பக்கம் இருக்கின்றன. வயதாகும்போது பெரும்பாலும் அவைதான் முதலில் போகின்றன. பேச்சில் உயிரெழுத்துகளின் ஓசை தாழ்ந்தது, வலுவானது. ச, ப, த போன்ற மெய்களின் ஓசை பெரும்பாலும் உயர்ந்தது, மெல்லியது. ‘சாவி’யிலும் ‘காபி’யிலும் உயிரோசை ஒன்றேதான்: ஆ, இ. வித்தியாசம் மெய்யில் இருக்கிறது. அம்மாவுக்குச் சத்தம் கேட்டது, சொல் வந்து சேரவில்லை.

மனைவியின் மனத்தாங்கலுக்கும் இதுவே விடை. ஆணின் குரல் தாழ்ந்தது. பெண்கள், குழந்தைகள் குரல் உயர்ந்தது. மகன் பேசினால் கேட்கிறது, மருமகளும் பேத்தியும் பேசினால் நழுவுகிறது. இதை ‘வேணும்னாத்தான் காது கேக்கும்’ என்று எத்தனை வீடுகளில் பழியாகச் சுமத்தியிருக்கிறோம்!

இன்னும் சில அடையாளங்கள் உண்டு. டிவி சத்தம் மெல்ல மெல்ல ஏறுகிறது. போன் வந்தால் “நீயே பேசு” என்று கை மாறுகிறது. எதிரில் பேசுபவரின் உதட்டையே பார்க்கிறார். கல்யாண வீட்டுக் கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார். “என்ன சொன்னே?” என்று கேட்பவர், நாம் குரலை உயர்த்தினால் “ஏன் கத்தறே?” என்று கோபிக்கிறார். இது முரண்டு அல்ல. இப்படிப்பட்ட குறைவில் மெல்லிய ஒலி கேட்காது, பலத்த ஒலியோ சட்டென்று தாங்க முடியாததாகிவிடும்.

60 வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவு செவித்திறன் குறைவு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, மறதி நோய்க்கான, மாற்றக்கூடிய 14 காரணிகளில் இதையும் சேர்த்திருக்கிறது. இன்னொன்றும் உண்டு: காதில் விழாததை யாரும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. நான் மறதி என்று பயந்ததில் பாதி, அம்மாவின் காதுக்கே போய்ச் சேராத பேச்சு.

முதலில் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் போங்கள். சில நேரம் அடைத்த அழுக்கை எடுத்தாலே தீர்ந்துவிடும். எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள், பட்ஸ் விடாதீர்கள். அடுத்து ஆடியோகிராம்: சத்தம் புகாத அறையில் 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒலிகள் வரும், கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். வலியே இல்லை. ஆனால் ஒரு காது திடீரென்று, ஓரிரு நாளில் கேட்காமல் போனால் அது அவசரம். நாள் கடத்தாமல் ஓடுங்கள். சிகிச்சைக்கு முதல் இரண்டு வாரங்கள் மிக முக்கியம்.

“உனக்குக் காது கேக்கலம்மா” என்று நான் சொல்லவில்லை. “ரெண்டு பேரும் போய்ப் பாத்துட்டு வருவோம்” என்றேன். அந்த அறையில் முதலில் நான்தான் உட்கார்ந்தேன்.

சோதனைக்குப் பிறகு காதுக்கருவி மாட்டிய அன்று அம்மா கேட்ட முதல் கேள்வி, “இந்த ஃபேன் இவ்வளவு சத்தமா போடும்?” தட்டுச் சத்தம், தண்ணீர்ச் சத்தம் எல்லாம் ஒரேயடியாக வந்து மோதும். மூளை பழகச் சில வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். இந்தக் கட்டத்தில்தான் பல கருவிகள் மேசை டிராயருக்குள் போய்விடுகின்றன. அமைதியான அறையில் தினமும் சிறிது நேரம் என்று தொடங்கி, கூடவே இருங்கள். தேவைப்பட்டால் திரும்பக் கொண்டுபோய்ச் சரிசெய்யுங்கள்.

கருவி பாதி வேலையைத்தான் செய்யும். மீதி நம்முடையது. என் மனைவி இப்போது அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பதில்லை. மிக்ஸியை நிறுத்திவிட்டுக் கூடத்துக்கு வருகிறாள், அம்மாவின் தோளைத் தொடுகிறாள், முகம் பார்த்துச் சொல்கிறாள். புரியவில்லை என்றால் அதையே உரக்கச் சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல்கிறாள். “சாவி எங்கே?” என்பது “வண்டிச் சாவியை எங்க வச்சீங்க, அத்தை?” என்று ஆகியிருக்கிறது.

முக்காலி இன்னும் அடுப்படியில்தான் இருக்கிறது. சில நாள் அம்மா அதில் உட்காருகிறார், சில நாள் திண்ணையிலிருந்தே “ரெண்டு” என்கிறார்.

(தொடரும்)