ஸ்டார்ம் டோரில் உறையும் பனி உங்கள் சமையலறையிலிருந்து வருகிறது, தெரியுமா?

கனடாவின் வின்னிபெக் நகரில் 1879-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பதிவான குளிர் எவ்வளவு தெரியுமா? மைனஸ் 47.8 டிகிரி செல்சியஸ்! மைனஸ் 20, மைனஸ் 30 எல்லாம் அங்கே ஜனவரியில் யாரையும் திடுக்கிட வைப்பதில்லை. அதனால்தான் அந்த ஊர் வீடுகள் பலவற்றில் தலைவாசல் கதவுக்கு வெளியே இன்னொரு கதவும் உண்டு. அலுமினியச் சட்டம், நடுவில் பெரிய கண்ணாடி. ஸ்டார்ம் டோர் என்பார்கள். காற்றையும் பனியையும் முதலில் வாங்கிக்கொள்வது அதுதான்.

அந்தக் கண்ணாடியின் உட்புறம்தான் பொழுது விடியும்போது வெள்ளையாகப் பூத்திருக்கும். கீழ் விளிம்பில் விரல் தடிமனுக்கு ஐஸ் கட்டியிருக்கும். வெளியே கொட்டுகிற பனிதான் புகுந்துவிட்டது என்று நினைத்து, ஸ்டார்ம் டோரின் இடுக்குகளையெல்லாம் டேப் ஒட்டி அடைப்பவர்கள் உண்டு. அடைத்த பிறகு ஐஸ் இன்னும் கூடும்!

ஏன் தெரியுமா? அந்தக் குளிர்காற்றில் கொடுப்பதற்கு ஏறக்குறைய தண்ணீரே கிடையாது! 20 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 17 கிராம் நீராவி தங்கும். மைனஸ் 20-இல் அதே அளவு காற்றில் தங்குவது ஏறக்குறைய 1 கிராம்தான். கண்ணாடியில் கட்டியிருக்கும் ஐஸ் முழுக்க முழுக்க வீட்டுக்குள்ளிருந்து போனது. நீங்கள் விட்ட மூச்சு, குளித்த வெந்நீர், கொதித்த ரசம்!

சும்மா உட்கார்ந்திருந்தாலே ஒருவர் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஒரு நாளில் ஏறக்குறைய 800 மில்லி தண்ணீரைக் காற்றில் விடுகிறார். நான்கு பேர் உள்ள வீட்டில் மூன்று லிட்டருக்கு மேல்! தீயிலிருந்தும் தண்ணீர் வரும், தெரியுமா? ஒரு கிலோ மீத்தேன் எரிந்தால் 2.25 கிலோ நீர் உண்டாகிறது. கேஸ் அடுப்பின் நீலச் சுடர் ஒவ்வொன்றும் வீட்டுக்குள் நீராவியைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. சமைக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால் வாசல் கதவின் ஐஸ் குறையும் என்பது இதனால்தான். அந்த ஃபேன் காற்றை வெளியே தள்ளுகிற வகையாக இருக்க வேண்டும். வடிகட்டி உள்ளேயே திருப்பி விடுகிற வகை இதற்கு உதவாது.

வீட்டுக்குள் 21 டிகிரியும் 40 சதவீத ஈரப்பதமும் இருந்தால், அந்தக் காற்று 7 டிகிரியைத் தொட்டதுமே நீர் கோக்கத் தொடங்கிவிடும். ஸ்டார்ம் டோர் கண்ணாடியோ பூஜ்யத்துக்கும் எவ்வளவோ கீழே கிடக்கிறது. உள்கதவின் ஓர் இடுக்கில் கசிந்த ஈரக்காற்று அதைத் தொட்டால் போதும், அங்கேயே உறைந்துவிடும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது இனிமேல்தான். அந்தப் பனிப்பூச்சு ஒரு வரைபடம்! பனி எங்கே தடித்திருக்கிறதோ, அதற்கு நேர் எதிரே உள்கதவில் கசிவு இருக்க வாய்ப்பு மிக அதிகம். மேல் மூலையில் வெள்ளைத் திட்டா? கதவின் மேல் விளிம்பைப் பாருங்கள். நடுவில் வட்டமாகப் படர்ந்திருக்கிறதா? சாவித்துவாரமோ தபால் போடும் துளையோ ஒழுகுகிறது. சூடான காற்று மேலே ஏறி, உயரத்தில் கிடைக்கிற சந்து வழியாக வெளியேறப் பார்க்கும். அதற்கு ஈடாகக் கீழே குளிர்காற்று நுழையும். பல வீடுகளில் ஒரே கதவின் அடியில் பாதத்தில் குளிர்காற்று அறைய, அதே கதவின் உச்சியில் வீட்டின் சூடு சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும். காற்றடிக்கும் திசைக்கும் இதில் பங்குண்டு. காற்றுக்கு மறைவான பக்கம் இருக்கிற கதவு வழியாக உள்காற்று வெளியே இழுபடும். அதனால் வடகாற்று வீசும் இரவில் ஒரு கதவிலும் தென்காற்று வீசும் இரவில் வேறொரு கதவிலும் பனி படரலாம்.

கசிவைத் துல்லியமாகக் கண்டுபிடிக்கக் கனடா அரசின் வீட்டு வெப்பக் கையேடு என்ன சொல்கிறது தெரியுமா? ஊதுபத்தி! நம் பூஜை அறையில் இருக்கிற அதே ஊதுபத்திதான். காற்று வீசும் நாளில் அதை ஏற்றி, மூடிய உள்கதவின் ஓரமாக மெல்ல நகர்த்திக்கொண்டு போக வேண்டும். திரைச்சீலையை ஒதுக்கிவிட்டுச் செய்யுங்கள். நேராக எழும் புகை ஓரிடத்தில் சடக்கென்று வளைந்து இடுக்குக்குள் ஓடும் பாருங்கள், அதுதான் இடம். ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தியும் பார்க்கலாம். இழுத்ததும் தடையில்லாமல் வந்தால் கதவோரத்து ரப்பர் பட்டை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆகவே அடைக்க வேண்டியது உள்கதவை! இறுகிப்போன பழைய பட்டையை உருவிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். எஃகுக் கதவென்றால் ஃபிரிட்ஜ் கதவில் இருப்பதுபோல் காந்தம் வைத்த பட்டையே கிடைக்கிறது. பல வாசற்படிகளில் நாலைந்து திருகாணிகள் இருக்கும். அவற்றைத் திருப்பினால் படியின் மேற்பகுதி உயர்ந்து, கதவின் அடியோடு பொருந்தும். இது தெரியாமலே ஆண்டுக்கணக்கில் குளிரில் இருப்பவர்கள் எத்தனையோ பேர்!

ஆனால் வெளிக்கதவை இறுக்கமாக அடைத்துவிடாதீர்கள். ஸ்டார்ம் டோரின் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தால் அவை வடிகால்கள், அடைக்கவே கூடாது. இரண்டு கதவுகளுக்கும் நடுவே தப்பி வந்த ஈரம் அந்த வழியாகத்தான் வெளியேறும். கொஞ்சம் வறண்ட குளிர்காற்று அங்கே வந்துபோவது நல்லது.

கண்ணாடிக்கு முன்பே அலுமினியச் சட்டம் வெள்ளையாகிவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். பைன் மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது அலுமினியம்! கடுங்குளிரில் உள்கதவின் உட்பக்கத்துத் திருகாணித் தலைகள்கூட ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒரு வெள்ளைப் பொட்டு வைத்துக்கொள்ளும்.

சரி, எவ்வளவு ஈரப்பதம் வைத்துக்கொள்ளலாம்? தோராயமாக, வெளியே மைனஸ் 10 என்றால் 35 சதவீதம், மைனஸ் 20 என்றால் 25, மைனஸ் 30 என்றால் 20-க்கும் கீழே. சுவரில் ஒரு சின்ன ஹைக்ரோமீட்டரை மாட்டிவைத்து, குளிர் கூடக் கூட ஹியூமிடிஃபையரைக் குறையுங்கள்.

கண்ணாடியில் பனி ஏன் பெரணி இலை மாதிரி படர்கிறது தெரியுமா? நீராவி திரவமாகாமலே நேரடியாகப் பனியாகப் படிகிறது. கண்ணாடியின் நுண்ணிய கீறலும் தூசியும் முதல் படிகத்துக்கு இடம் கொடுக்கின்றன, அங்கிருந்து கிளை கிளையாக ஓடுகிறது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து ஜெரிக்கோவில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி, 1885 ஜனவரி 15 அன்று நுண்ணோக்கி வழியாகப் பனித்துகளை முதன்முதலாகப் படம் பிடித்தவர். ஐயாயிரத்துக்கும் மேல் பனித்துகள்களைப் படமெடுத்த அவர், ஜன்னலில் பூத்த பனியையும் விடவில்லை!

கதவு ஐஸில் ஒட்டிக்கொண்டால் கொதிநீர் ஊற்ற வேண்டாம். அது வழிந்து வாசற்படியிலேயே மறுபடி உறைந்துவிடும். உப்பும் வேண்டாம், அலுமினியத்தை அரித்துவிடும். ரப்பர் பட்டையில் முன்கூட்டியே சிலிக்கான் ஸ்பிரே அடித்து வைத்தால் கதவு ஒட்டாது.

கடைசியாக ஒன்று. இரவில் உறைகிற இதே கதவு, பகலில் வெந்துபோகவும் கூடும்! தெற்குப் பார்த்த வாசல், அடர்நிற உள்கதவு, முழுக் கண்ணாடி என்று மூன்றும் சேர்ந்தால், இரண்டு கதவுகளுக்கும் நடுவே வெயில் அடைபட்டு, உள்கதவின் பிளாஸ்டிக் விளிம்புகள் நெளிந்துவிடும். அப்படிப்பட்ட வீடுகளில் வசந்தம் தொடங்கியதுமே கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கொசுவலைச் சட்டத்தை மாட்டிவிட வேண்டும்.