ஊட்டிக்கு ஒரு க்யூ!

உலகத்தில் மனிதர்கள் இரண்டே ரகம். முன்பதிவு செய்கிறவர்கள்... செய்யாதவர்கள்!

முதல் ரகம் தீபாவளி பட்சணம் தீருவதற்குள் பொங்கலுக்கு டிக்கெட் எடுத்துவிடும். போகும்போது ஜன்னல் சீட், வரும்போது லோயர் பெர்த். பர்ஸில் டிக்கெட், பையில் அதன் ஜெராக்ஸ், ஜெராக்ஸ் தொலைந்தால் மொபைலில் ஒரு போட்டோ. இவர்களுக்குப் பெண் கொடுக்கலாம்.

இரண்டாம் ரகத்துக்கு வியாழக்கிழமை மத்தியானம் மூணு மணிக்குத்தான் மேனேஜர் லீவ் ஸாங்ஷன் பண்ணுவார். நாலு மணிக்கு, "டேய், ஊட்டி போலாமாடா?" என்று பக்கத்து சீட்காரன் காதைக் கடிப்பான். ராத்திரி எட்டு மணிக்குத் தோளில் ஒரு பை. அவ்வளவுதான், டூர்! நானும், இதைப் படிக்கிற உங்களில் முக்கால்வாசிப் பேரும் இந்த ரகம்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்படிப்பட்ட புண்ணியவான்களுக்கென்றே நியூயார்க்கில் ஒரு கவுன்ட்டர் வைத்திருக்கிறார்கள். 1973 ஜூன் 25-ம் தேதி, டைம்ஸ் ஸ்கொயரை ஒட்டிய டஃபி ஸ்கொயரில் திறந்தது. 'டிகேடிஎஸ்' என்று நாலு எழுத்தில் பெயர். டிக்கெட்ஸ் என்பதன் சுருக்கமாம். பிராட்வே நாடகங்களில் அன்றைய காட்சிக்கு விற்காமல் மிஞ்சிய சீட்டுகளை அங்கே தள்ளுபடியில் தருகிறார்கள். இருபதிலிருந்து ஐம்பது சதவிகிதம்வரை குறையும். லண்டனில் லெஸ்டர் ஸ்கொயரிலும் 1980-ல் இதே மாதிரி ஒரு பாதி விலைக் கடை வந்துவிட்டது.

நியூயார்க்கில் கம்ப்யூட்டர் தட்டுகிற என் நண்பன் ஒரு ரகசியம் சொன்னான். "சீக்கிரம் போய் நிக்கறவன் புத்திசாலி இல்லடா. நாடகம் ஆரம்பிக்கற நேரம் நெருங்க நெருங்கத்தான் நல்ல சீட்டை வெளிய விடுவாங்க. நான் கடைசி ஒரு மணி நேரத்துலதான் போவேன்!"

காரணம் ரொம்ப சிம்பிள். திரை தூக்கியபிறகு காலி நாற்காலிக்கு விலை கிடையாது. கோயம்பேட்டில் சாயந்திரம் வாடுகிற கீரைக்கட்டு மாதிரிதான். பாதி விலைக்குக் கொடுத்தாலும் லாபம், கொடுக்காவிட்டால் குப்பை.

"இந்த மாதிரி நம்ம ஊர்ல ஒண்ணும் இல்லையாடா?" என்றான்.

ஏன் இல்லை? நானே நின்றிருக்கிறேன். நாடகக் கொட்டகை வாசலில் அல்ல, மேட்டுப்பாளையம் ரயில்வே ஸ்டேஷனில்!

* * *

2017 ஜூலை மாதம். நீலகிரி மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து காலை ஏழு மணி பத்து நிமிஷத்துக்குக் கிளம்பும். ரிசர்வேஷன் சீட்டெல்லாம் எப்போதோ காலி. முதல் ரகத்துப் பிரகஸ்பதிகள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால், முன்பதிவில்லாத டிக்கெட் கொஞ்சத்தை அன்று காலையில், அந்த ஸ்டேஷன் கவுன்ட்டரில், வரிசையில் நிற்பவர்களுக்கு மட்டும் கொடுப்பார்கள். ஊட்டிவரை பதினைந்து ரூபாய். ஆமாம் சார், பதினைந்தேதான். ஊட்டி பஸ் ஸ்டாண்டில் அந்தக் காசுக்கு மிளகாய் பஜ்ஜிகூட வயிறார வராது.

நானும் ரூம்மேட்டும் விடிகாலை நாலு மணிக்குப் போனோம். 'நாமதான் ஃபர்ஸ்ட்' என்ற நினைப்பு. அங்கே போர்வைக்குள் ஓர் உலகமே உட்கார்ந்திருந்தது. சிலர் முதல் நாள் ராத்திரியே வந்து துண்டை விரித்துப் படுத்துவிட்டார்களாம். செருப்புகூட வரிசையில் இடம் பிடித்திருந்தது. செருப்புக்குப் பக்கத்தில் செருப்புக்காரர் குறட்டை.

எங்களுக்கு முன்னால் தலையில் மஃப்ளர் சுற்றிய பெரியவர். "ஏனுங் தம்பி, மெட்ராஸுங்களா?" என்றார்.

"ஆமாங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கடியாரத்தப் பாத்துட்டே நிக்கறீங்கல்லொ... அதான். பதட்டப்படாதீங்க. சாமி சன்னதின்னு நெனச்சு நில்லுங்க, கெடைச்சாக் கெடைக்கும்!"

அவர் குன்னூர் பக்கம் டீ எஸ்டேட்டில் முப்பது வருஷம் வேலை பார்த்தவராம். பேரனுக்குப் பல்சக்கரம் காட்டக் கூட்டிக்கொண்டு போகிறார். பேரன் அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஆறு மணி வாக்கில் சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் வந்து நின்றது. ஏ.சி. கோச்சிலிருந்து கசங்காத சட்டையோடு இறங்கிய முதல் ரகத்து ஆசாமிகள் எங்களை ஒரு பார்வை பார்த்துக்கொண்டே நீலநிறப் பெட்டிகளை நோக்கி நடந்தார்கள். கவுன்ட்டர் திறந்தது. ஒவ்வொரு டிக்கெட்டாகக் கிழியக் கிழிய, வரிசையில் இருந்த அத்தனை பேரும் மனசுக்குள் கழித்தல் கணக்குப் போட்டார்கள். எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில் நான் அவ்வளவு கவனமாக இருந்ததில்லை.

கிடைத்தது! எங்களுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேரோடு கவுன்ட்டர் கதவு மூடியது.

* * *

இங்கேதான் விஷயமே இருக்கிறது. நியூயார்க்கில் லேட்டாகப் போனவனுக்கு யோகம். மேட்டுப்பாளையத்தில் லேட்டாகப் போனவனுக்கு பஸ் ஸ்டாண்ட்! இரண்டுமே அன்றைய டிக்கெட், இரண்டுமே மலிவு, இரண்டுக்குமே க்யூ. அப்புறம் ஏன் இந்தத் தலைகீழ்?

நியூயார்க் சீட்டு, மிஞ்சிய சீட்டு. யாரும் வாங்காததால் மலிவாகிறது. மேட்டுப்பாளையம் சீட்டு, ஒதுக்கிய சீட்டு. எல்லோரும் கேட்டும், முன்பதிவு செய்ய வழியில்லாதவனுக்கென்று எடுத்து வைத்தது. கல்யாண வீட்டில் பந்தி முடிந்து மிஞ்சியதைக் கொடுப்பது ஒன்று, பந்தி ஆரம்பிக்கும்போதே ஒரு இலையைத் தனியாக எடுத்து வைப்பது இன்னொன்று. இரண்டிலும் சாம்பார் ஒன்றேதான். மரியாதை வேறு!

சென்னையிலும் இந்த இரண்டாவது வகையைப் பார்த்திருக்கிறோம். 2000-களில் மல்டிபிளெக்ஸ் தியேட்டர்களில் மற்ற சீட் நூறு ரூபாயைத் தாண்டியபோதும் முன்வரிசை பத்து ரூபாய். பத்து சதவிகித சீட்டைக் குறைந்த கட்டணத்தில் கொடுக்க வேண்டும் என்று அரசாங்க விதி. கழுத்து சுளுக்கினாலும் ஏ.சி. ஏ.சி.தானே! மாசக் கடைசியில் அந்த முன்வரிசையில் பாதி நம்ம ஆபீஸ் கும்பலாகத்தான் இருக்கும்.

மிஞ்சியதை விற்கிற வித்தையும் ரயில்வேக்குத் தெரியும். சார்ட் போட்ட பிறகு காலியாக இருக்கும் சீட்டுகளுக்கு அடிப்படைக் கட்டணத்தில் பத்து சதவிகிதம் தள்ளுபடி என்று 2017 ஜனவரியில் எல்லா ரிசர்வேஷன் ரயில்களுக்கும் கொண்டுவந்தார்கள். டஃபி ஸ்கொயர் தத்துவம்தான். ஆனால், மலை ரயிலில் மிஞ்சினால்தானே தள்ளுபடி!

"இன்னும் நாலு பெட்டியைச் சேர்த்து மாட்ட வேண்டியதுதானே?" என்று என் ரூம்மேட் கேட்டான். கவர்ன்மென்டுக்கு யோசனை சொல்வதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

முடியாது சார். 326 மீட்டர் உயரத்தில் கிளம்பி 2,203 மீட்டர் உயரத்துக்குப் போகிற வண்டி இது. கல்லாறிலிருந்து குன்னூர்வரை பன்னிரண்டு அடி போனால் ஓரடி ஏற்றம். சாதாரண சக்கரம் வழுக்கிவிடும் என்று தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் பதித்து, என்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. ஸ்விட்சர்லாந்துக்காரர் ரோமன் ஆப்ட் கண்டுபிடித்த முறை. இந்தியாவில் இப்படிப் பல் வைத்த ரயில் வேறு கிடையாது. என்ஜின் முன்னால் இழுப்பதில்லை. பின்னால் இருந்து தள்ளுகிறது, பள்ளிக்கூடம் போக மறுக்கும் பையனை அம்மா தள்ளிக்கொண்டு போவது மாதிரி! பெட்டிக்குப் பெட்டி ஒரு பிரேக்ஸ்மேன் வேறு. இந்த அழகில் மூணு, நாலு பெட்டிக்கு மேல் மாட்டினால் நீராவி என்ஜின் 'ராஜினாமா' கொடுத்துவிடும்.

1891-ல் வேலையை ஆரம்பித்து, 1899-ல் குன்னூரைத் தொட்டு, 1908-ல்தான் ஊட்டி போய்ச் சேர்ந்தார்கள். 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். நாற்பத்தாறு கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைச்சல். நல்ல மாரத்தான் வீரர் நாற்பத்திரண்டு கிலோமீட்டரை இரண்டேகால் மணிக்குள் ஓடிவிடுகிறார். ஆனால், அவரைப் பார்க்க யுனெஸ்கோ வரவில்லையே! இந்த ரயிலுக்கு 2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்று பட்டமே கொடுத்துவிட்டார்கள்.

பட்டம் வந்தால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் விலை ஏறும். 2018-ல் கட்டணம் பல மடங்கு உயர்ந்தது. ரயில்வே பக்கமும் நியாயம் இருக்கிறது. பதினைந்து ரூபாய் டிக்கெட்டில் என்ஜினுக்கு எண்ணெய் விடக்கூடக் காணாது. தேய்ந்துபோன பழைய என்ஜின்களுக்குப் பதில் திருச்சி பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் புதிதாகச் செய்து அனுப்ப வேண்டியிருந்தது. நவம்பர், டிசம்பரில் மண் சரிந்தால் பாதையைச் சீர்செய்ய நாள்கணக்கில் ஆகும். இத்தனைக்கும் காசு யார் கொடுப்பது?

விலை ஏறட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. என் கவலை வேறு. இந்த ரயில் சுற்றுலாக்காரனுக்கு மட்டும் ஓடுவதில்லை. அருவங்காடு வெடிமருந்து ஃபேக்டரிக்காரர், வெலிங்டன் பட்டாளத்துக்காரர், லவ்டேல் பள்ளிக்கூடத்துப் பையன் என்று எல்லோருக்கும் வாசலில் ஒரு ஸ்டேஷன் வைத்து ஓடிய ரயில். இவர்களிடம் போய், "இரண்டு மாசம் முன்னாடியே புக் பண்ணினீங்களா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? அன்று காலை வந்து, அன்று நின்று, அன்றே ஏறுகிற ஒரு பெஞ்சாவது அந்த வண்டியில் இருக்கிறவரைதான் அது ரயில். அந்த பெஞ்சும் போனால், அது சக்கரம் வைத்த மியூசியம்!

* * *

சரி, தத்துவம் போதும். இரண்டாம் ரகத்து சகோதரர்களுக்குச் சில உபாயங்கள்.

ஒன்று: மேட்டுப்பாளையம்-ஊட்டி முழுப் பயணத்துக்கு அன்றைய டிக்கெட் உண்டா, எத்தனை மணிக்குக் கவுன்ட்டர் திறக்கிறார்கள் என்பதை முதல் நாளே ஸ்டேஷனில் நேரில் கேட்டுவிடுங்கள். 'மாமா பையன் சொன்னான்' என்பதையெல்லாம் நம்பி நாலு மணிக்கு அலாரம் வைக்க வேண்டாம்.

இரண்டு: கிடைக்காவிட்டால் அழாதீர்கள். பஸ்ஸில் குன்னூர் போங்கள். குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே ஒரு நாளைக்குப் பல தடவை ரயில் உண்டு. டீசல் என்ஜின்தான், பல்சக்கரம் கிடையாது. ஆனால் டீத்தோட்டம், யூகலிப்டஸ் வாசனை, கேத்தி பள்ளத்தாக்கு எல்லாம் இந்தப் பக்கம்தான். கேத்தி ஸ்டேஷனில் தலையை நீட்டிப் பார்க்காத இளைஞன் தமிழனே இல்லை. 1982-ல் வந்த 'மூன்றாம் பிறை'யில் கமல் குட்டிக்கரணம் போட்ட இடம். நீங்களும் போட்டுக் காட்ட வேண்டாம். ரயில் நிற்காது, அவரைப் போல தேசிய விருதும் கிடைக்காது!

மூன்று: பல்சக்கர என்ஜினைப் பார்த்தே தீருவேன் என்கிற ஆசாமிகள் குன்னூர் ஸ்டேஷனில் காத்திருங்கள். மேலே ஏறிவரும் வண்டிக்கு அங்கேதான் என்ஜின் மாற்றுகிறார்கள். பெருமூச்சு விட்டுக்கொண்டு அந்தக் கறுப்பு யானை ஷெட்டுக்குப் போகிற அழகைப் பார்க்க பிளாட்பாரம் டிக்கெட் போதும்.

நாலு: மே மாதத்தை மறந்துவிடுங்கள். ஃப்ளவர் ஷோவில் பூவைவிடத் தலைதான் அதிகம் தெரியும். பள்ளிக்கூடம் திறந்தபிறகு வருகிற செவ்வாய், புதன் உத்தமம். 'உடம்பு சரியில்லை' லீவுக்கும் அதுதான் நம்பும்படியான கிழமை.

ஐந்து: "சொந்தக் கார்ல போயிடுவோமே" என்கிறீர்களா? ஹைகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்று ஆனது. 2025 ஏப்ரலில் சீசனுக்கு ஒரு நாளைக்கு ஆறாயிரம் வண்டி, சனி, ஞாயிறு எட்டாயிரம் என்று எண்ணிக்கையையும் கட்டிவிட்டார்கள். ஆகமொத்தம், காருக்கும் முன்பதிவு! அரசு பஸ்ஸில் தொத்திக்கொள்கிற நமக்கு எந்தப் பாஸும் வேண்டாம். இரண்டாம் ரகத்துக்கு ஆண்டவன் எங்கேயாவது ஒரு ஜன்னலைத் திறந்துதான் வைக்கிறான்.

நியூயார்க் நண்பனுக்கு இதையெல்லாம் போனில் விவரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அடுத்த வருஷம் டிசம்பர்ல வரேன்டா. இப்பவே எனக்கொரு டிக்கெட் புக் பண்ணி வெச்சுடு!" என்றான்.

பயல் இத்தனை நாளாக முதல் ரகம்! தெரியாமல் பழகிவிட்டேன்.